உர்ட்ஸ் வினை: பழுதும் பயனும்

பதினொன்றாம் வகுப்பு வேதியியலில், ஆல்கேன்களைத் தயாரிக்கும் முறைகள் என்ற தலைப்பின்கீழ் உர்ட்ஸ் வினைக்கு நாலைந்து வரி ஒதுக்கப்பட்டிருக்கும். ஹேலோஆல்கேனை உலர் ஈதரில் கரைத்து உலோக சோடியத்துடன் வினைப்படுத்தினால், இருமடங்கு கார்பன் கொண்ட ஆல்கேன் கிடைக்கும். மெத்தில் புரோமைடிலிருந்து ஈத்தேன் வரும். கூடவே ஓர் எச்சரிக்கை: இரண்டு வெவ்வேறு ஹாலைடுகளை எடுத்தால் மூன்று ஆல்கேன்களின் கலவை வரும், ஆகவே ஒற்றைப்படை எண்ணிக்கையில் கார்பன் உள்ள ஆல்கேன்களுக்கு இம்முறை உதவாது. மாணவர் அதை மனப்பாடம் செய்துகொண்டு கிரிக்னார்டு காரணிக்குப் போய்விடுவார்.

அந்த வரிகளில் தவறு ஏதுமில்லை. ஆனால் வினை ஏன் பிறந்தது, இன்று எங்கே உயிரோடிருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அவற்றில் விடை கிடைக்காது. மூன்று ஆல்கேன்களின் கலவை என்று நாம் குறையாகச் சொல்கிறோமே, அந்தக் கலவையைத் தேடித்தான் சார்லஸ் அடால்ஃப் உர்ட்ஸ் 1855-இல் அந்தச் சோதனையையே செய்தார். இன்று சோடியம் கொண்டு ஹாலைடுகளை இணைக்கும் தொழில்களில் ஆல்கேன் தயாரிப்பு என்ற பேச்சே இல்லை. ஈத்தேனும் பியூட்டேனும் இயற்கை எரிவாயுவிலும் பெட்ரோலியத்திலும் தாமாகவே வருகின்றன. அவற்றை ஹாலைடாக்கி, சோடியத்தைச் செலவழித்து மறுபடி ஆல்கேனாக்குவது மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதைதான்.

எத்திலைத் தேடிய காலம்

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வேதியியலாளர்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. சோடியமும் பொட்டாசியமும் ஓர் உப்பிலிருந்து இன்னோர் உப்புக்கு மாறாமல் கைமாறுவதுபோல, கரிமச் சேர்மங்களில் மெத்தில், எத்தில் போன்ற உறுப்புகள் கைமாறுகின்றன என்பது அது. சோடியம் அயோடைடில் சோடியம் இருக்கிறது. எத்தில் அயோடைடில் எத்தில் இருக்கிறது. 1807-இல் ஹம்ஃப்ரி டேவி மின்சாரத்தைப் பாய்ச்சி சோடியத்தைப் பிரித்துக் காட்டினார். அதேபோல அயோடினைப் பிடுங்கிவிட்டால் எத்தில் தனியே வெளிவர வேண்டுமே?

அப்படித்தான் எட்வர்ட் ஃபிராங்க்லாந்து முயன்றார். எத்தில் அயோடைடையும் துத்தநாகத்தையும் கண்ணாடிக் குழாயில் அடைத்து, வாயை உருக்கி மூடிச் சூடாக்கினார். ஒரு வாயு வந்தது. எத்தில் கிடைத்துவிட்டது என்று 1849-இல் அறிவித்தார். கூடவே வந்த துத்தநாக எத்தில் காற்றுப் பட்டதும் தீப்பிடிக்கும் திரவம். கரிம உலோக வேதியியலின் தொடக்கம் என்று இன்று நாம் கொண்டாடுவது அந்தத் துணைப் பொருளைத்தான். அதே காலத்தில் ஹெர்மன் கோல்பே அசிட்டேட் உப்பின் கரைசலை மின்னாற்பகுத்து ஒரு வாயுவைப் பிடித்து, அதை மெத்தில் என்றார்.

சிக்கல் அடர்த்தியில் இருந்தது. ஃபிராங்க்லாந்தின் வாயு காற்றைப் போல இருமடங்கு கனத்தது. அவகாட்ரோ சொன்னபடி கணக்கிட்டால் அதன் மூலக்கூறு நிறை 58. எத்திலின் நிறையோ 29. அதாவது குழாயிலிருந்து வந்தவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட இரண்டு எத்தில்கள். இன்றைய பெயரில் பியூட்டேன். லாரன், ஜெரார்ட் போன்றவர்கள் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அவகாட்ரோவின் கருத்தையே பலரும் ஏற்காத காலம் அது. அடர்த்தியைக் காட்டி வாதத்தை முடிக்க முடியாது. வேறு வகைச் சான்று தேவைப்பட்டது.

அதைக் கொடுத்தவர்தான் உர்ட்ஸ். 1817-இல் அல்சாஸ் பகுதியில், ஸ்ட்ராஸ்பர்க் நகருக்கு அருகே வொல்ஃபிஷைம் என்ற ஊரில் லூத்தரன் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். கீசனில் லீபிக்கிடமும் பாரிஸில் டூமாவிடமும் பயின்றார். 1849-இல் அமீன்களைக் கண்டறிந்து பெயர் பெற்றிருந்தார். எத்தில் விவகாரத்தில் அவர் எடுத்துக்கொண்ட வழி அழகானது. எத்தில் தனித்தே இருக்கக்கூடியது என்றால், எத்தில் அயோடைடையும் பியூட்டில் அயோடைடையும் ஒன்றாகக் கலந்து உலோகத்தோடு சேர்த்தாலும் இரண்டே பொருள்கள்தான் வர வேண்டும்: எத்தில், பியூட்டில். மாறாக, அவை பிறந்த கணமே இரண்டிரண்டாகச் சேர்ந்துகொள்பவை என்றால், மூன்றாவதாக ஒன்று வந்தாக வேண்டும். ஒரு பக்கம் எத்திலும் மறுபக்கம் பியூட்டிலும் கொண்ட கலப்பு மூலக்கூறு அது. அதன் கொதிநிலை மற்ற இரண்டுக்கும் நடுவில் இருக்கும்.

அவர் கையாண்ட பியூட்டில் இன்று நாம் ஐசோபியூட்டில் என்று சொல்வது. சாராய வடிப்பில் மிஞ்சும் பியூசல் எண்ணெயிலிருந்து அந்த ஆல்கஹாலைப் பிரித்தவரும் அவரே. வந்த கலவையை வடித்துப் பிரித்தபோது எத்தில்-பியூட்டில் கிடைத்தது. இன்றைய அளவீட்டில் இரு எத்தில் மைனஸ் 0.5 பாகை செல்சியஸிலும், எத்தில்-ஐசோபியூட்டில் 60 பாகையிலும், இரு ஐசோபியூட்டில் 109 பாகையிலும் கொதிக்கின்றன. அவரிடமிருந்த எளிய வடிகலனுக்கு அந்த இடைவெளி தாராளம். எத்தில்-அமைல், பியூட்டில்-அமைல் என்று மேலும் சில இணைகளையும் செய்து பார்த்துவிட்டு, புதியதொரு கரிம உறுப்பு வகை என்ற தலைப்பில் 1855-இல் கட்டுரை வெளியிட்டார். உறுப்புகள் தனித்துத் திரிவதில்லை, இணைந்தே நிற்கின்றன என்பதற்கு அந்தக் கலவையே சாட்சி.

சோடியத்தைத் தேர்ந்ததும் காரணத்தோடுதான். துத்தநாகம் உறுப்பைத் தன்னிடமே பிடித்துவைத்துக்கொள்கிறது. சோடியமோ ஹாலஜனைப் பறிப்பதில் அதைவிடப் பன்மடங்கு வேகம். நல்வேளையாக, அதே ஆண்டுகளில் ஹென்ரி செந்-கிளேர் டெவில் அலுமினியம் தயாரிப்பதற்காக சோடியத்தை மலிவாக எடுக்கும் முறையைப் பாரிஸில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அணு என்று ஒன்று இருப்பதையே டெவில் ஏற்கவில்லை; உர்ட்ஸோ அணுக்கொள்கையின் பிரெஞ்சுப் படைத்தலைவர். எதிரணிக்காரர் மலிவாக்கிய உலோகம், அணுக்கொள்கைக்காரருக்கு ஆயுதமாயிற்று. 1860-இல் கார்ல்ஸ்ரூவே நகரில் கெகுலேயும் வெல்ட்சீனும் உர்ட்ஸும் கூட்டிய மாநாட்டில் கனிசாரோ அவகாட்ரோவுக்காக வாதாடிய பிறகு காற்றின் திசை மாறியது. 1864-இல் மான்செஸ்டரில் இருந்த கார்ல் ஷோர்லெம்மர், இரு மெத்திலும் எத்தில் ஹைட்ரைடும் ஒரே பொருள்தான், இரண்டுமே ஈத்தேன் என்று நிறுவினார். மார்க்ஸுக்கும் ஏங்கெல்ஸுக்கும் நெருங்கிய நண்பராயிருந்த அதே ஷோர்லெம்மர்தான்.

குடுவைக்குள் நடப்பது

சோடியத்தின் அடர்த்தி நீரைவிடச் சற்றே குறைவு, 0.97. உருகுநிலை 97.8 பாகை. மண்ணெண்ணெயில் கிடக்கும் கட்டியை எடுத்துச் சாதாரணக் கத்தியால் வெட்டலாம். வெட்டிய முகம் வெள்ளியாய் மின்னி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிவிடும். ஈதர் 35 பாகைக்குள் கொதித்துவிடுவதால் அதில் சோடியம் உருகாது. எனவே இரும்பு அச்சில் வைத்துத் திருகி, மெல்லிய கம்பியாகப் பிழிந்து நேரே ஈதருக்குள் விழவிடுவார்கள். இல்லையென்றால் கொதிக்கும் டொலுயீனிலோ சைலீனிலோ உருக்கிப் பலமாகக் கலக்கி, நுண்மணலாக ஆக்கிக்கொள்வார்கள். எல்லாம் பரப்புக்காகத்தான். வினை நடப்பது உலோகத்தின் மேல்தோலில். உப்பு படிந்து அந்தத் தோல் மூடிவிட்டால் வினை நின்றுபோகும்.

வினை தொடங்கினால் கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளம் உண்டு. உலோகத்தின்மேல் நீல நிறத் திண்மம் படியும். கரிமப் பொருளுக்கும் அந்த நீலத்துக்கும் சம்பந்தமில்லை. அது வெறும் உப்புதான். ஹாலைடு அயனி இருக்க வேண்டிய இடத்தில் எலக்ட்ரான் சிக்கிக்கொண்ட படிகம் நீலமாய்த் தெரிகிறது.

முதல் அடியை மிகத் தெளிவாகக் காட்டியவர் மைக்கேல் போலானி. பெர்லினில் 1920-களின் பிற்பகுதி தொட்டு, சோடியம் ஆவியையும் ஹாலைடு ஆவியையும் தாழ் அழுத்தத்தில் மோதவிட்டு அவர் ஆராய்ந்தார். கரைப்பானும் பரப்பும் இல்லாத அந்தச் சூழலில் நடப்பது ஒன்றே: சோடியத்தின் வெளி எலக்ட்ரான் ஹாலைடு மூலக்கூறின்மேல் பாய்கிறது, கார்பன்–ஹாலஜன் பிணைப்பு அறுகிறது, உப்பு ஒருபுறமும் தனி உறுப்பு மறுபுறமும் விழுகின்றன. அயோடைடுகள் மிக விரைவு, ஃபுளூரைடுகள் மிக மந்தம். பி.எஸ்சி. ஆய்வகத்தில் லாசைன் சோதனைக்காகக் கரிமப் பொருளைச் சோடியத்தோடு உருக்குகிறோமே, அங்கும் ஹாலஜன் அயனியாக வெளியேறுவது இதே எலக்ட்ரானால்தான்.

ஆனால் குடுவையில் கதை அங்கேயே முடிவதில்லை. பிறந்த தனி உறுப்புக்குப் பக்கத்திலேயே இன்னும் சோடியம் கிடக்கிறது. இரண்டாவது எலக்ட்ரானையும் வாங்கிக்கொண்டு அது கரிம சோடியமாகிறது. அந்தக் கரிம சோடியம் இன்னொரு ஹாலைடு மூலக்கூறின் கார்பனைப் பின்புறமிருந்து தாக்கி, ஹாலஜனை வெளியே தள்ளிவிட்டு இணைகிறது. இது சாதாரணக் கருக்கவர் பதிலீட்டு வினை. கரிம சோடியம் இடையில் உண்டாகிறது என்பதை எம்.ஐ.டி.யின் ஏவரி மார்ட்டன் போன்றவர்கள் நேராகவே பிடித்துக் காட்டினார்கள். பென்டைல் குளோரைடைச் சோடியத்துடன் குளிர்நிலையில் அதிவேகமாகக் கலக்கி, கிடைத்ததை உலர்பனிமேல் ஊற்றினால் ஹெக்சனாயிக் அமிலம் வருகிறது. கரிம சோடியம் இல்லாமல் கார்பன் டைஆக்சைடை இப்படி வாங்கிக்கொள்ள வேறு எதுவும் அங்கில்லை. குளோரைடுகள் பதிலீட்டு வினையில் மந்தமானவை. அதனால் கரிம சோடியம் செலவாகாமல் தங்குகிறது. புரோமைடும் அயோடைடும் என்றால் தங்கவிடாமல் உடனே இணைத்துவிடும். கரிம சோடியம் வேண்டுவோர் குளோரைடையும், இணைப்பு வேண்டுவோர் மற்ற இரண்டையும் எடுப்பது இதனால்தான்.

பின்புறத் தாக்குதலுக்கும் சான்று உண்டு. ஒளிசுழற்றும் 2-புரோமோபியூட்டேனை பென்சைல் சோடியத்துடன் ராபர்ட் லெட்சிங்கர் 1948-இல் வினைப்படுத்தியபோது, விளைபொருளில் புறவமைப்பு பெருமளவு தலைகீழாகியிருந்தது. தனி உறுப்புகள் இரண்டு மோதி ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த ஒழுங்கு குலைந்திருக்கும். அதற்காகத் தனி உறுப்புகளுக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரே வினைக்கலவையில் ஆல்கேனும் ஆல்கீனும் சேர்ந்து வருவதற்கு, இரண்டு தனி உறுப்புகள் ஒன்றிடமிருந்து மற்றது ஹைட்ரஜனைப் பறிப்பதும் ஒரு காரணம். எந்த ஹாலைடு, எந்தக் கரைப்பான், என்ன வெப்பநிலை என்பதைப் பொறுத்து இரண்டு வழிகளும் வெவ்வேறு அளவில் நடக்கின்றன. ஒரே வழிமுறையை எழுதி அம்புக்குறி போட்டு முடித்துவிடும் பாடநூல்களை இந்த இடத்தில் முழுதாக நம்ப வேண்டாம்.

கரிம சோடியம் வலிமை மிக்க காரமும்கூட. எதிரே உள்ள ஹாலைடில் பக்கத்துக் கார்பனில் ஹைட்ரஜன் இருந்தால், பதிலீட்டை விட்டுவிட்டு அதைப் பறித்து ஆல்கீனாக்கிவிடும். முதல்நிலை ஹாலைடுகளில் ஓரளவு சமாளிக்கலாம். மூவிணைய ஹாலைடுகளில் இணைப்பு ஏறக்குறைய நடக்காது. ஈரம் இருந்தால் கரிம சோடியம் நீரிடமிருந்து ஹைட்ரஜனை வாங்கிக்கொண்டு ஓய்ந்துவிடும். ஈதரையே அது மெல்ல மெல்லத் தின்னும்.

இப்போது கலவைக்கு வருவோம். ஒரே வினைத்திறன் கொண்ட இரண்டு ஹாலைடுகளைச் சம அளவில் எடுத்தால் விளைபொருள்கள் 1:2:1 என்ற விகிதத்தில் வரும். எல்லாம் சரியாக நடந்தாலும் வேண்டியது பாதிதான். ஆக, இந்த வினை பயன்பட வேண்டுமானால் சோடியத்துக்குத் தேர்ந்தெடுக்க வாய்ப்பே இல்லாத ஓர் ஏற்பாடு வேண்டும். அல்லது இரண்டு ஹாலைடுகளில் ஒன்று தாக்குவதற்கும் மற்றது தாக்கப்படுவதற்கும் என்று இயல்பிலேயே வேறுபட்டிருக்க வேண்டும். 1855-க்குப் பிறகு இந்த வினை வெற்றிபெற்ற இடங்கள் எல்லாமே இந்த இரண்டில் ஒன்றுதான்.

ஃபிட்டிக் சேர்த்த வளையம்

இரண்டாவது ஏற்பாட்டை முதலில் கண்டவர் ருடால்ஃப் ஃபிட்டிக். கோட்டிங்கனில் வோலரின் ஆய்வகத்தில் இருந்த ஹாம்பர்க்காரர். 1862-இல் புரோமோபென்சீனைச் சோடியத்தோடு வினைப்படுத்தி பைபீனைலைப் பெற்றார். 1864-இல் பெர்ன்ஹார்ட் டோலன்ஸுடன் சேர்ந்து புரோமோபென்சீனையும் மெத்தில் அயோடைடையும் இணைத்தார். ஆல்டிஹைடு சோதனையால் நம் மாணவர்கள் அறிந்த டோலன்ஸ்தான் அவர். வந்த பொருள் டொலுயீன். மெத்தில் ஏற்ற பென்சீன்தான் டொலுயீன் என்பது கட்டியெழுப்பியே நிரூபிக்கப்பட்டது. பென்சீனுக்கு கெகுலே வளைய வடிவம் சொன்னது அதற்கு அடுத்த ஆண்டில்தான்.

இந்த இணைப்பு ஏன் ஒழுங்காக நடக்கிறது? பென்சீன் வளையத்தில் உள்ள புரோமினைப் பின்புறத் தாக்குதலால் வெளியேற்ற முடியாது. வளையமே மறைத்து நிற்கிறது. ஆனால் சோடியத்திடம் எலக்ட்ரான் வாங்கி பீனைல் சோடியமாவதில் அதற்குத் தடையில்லை. ஆல்கைல் ஹாலைடோ தாக்கப்படுவதற்கென்றே திறந்திருக்கிறது. ஆகவே ஒன்று தாக்குகிறது, மற்றது வாங்கிக்கொள்கிறது. மிஞ்சும் கலப்பையும் பிரித்துவிடலாம். புரோமோபென்சீனையும் 1-புரோமோபியூட்டேனையும் எடுத்தால் வரும் மூன்றில் ஆக்டேன் 126 பாகையிலும், பியூட்டைல்பென்சீன் 183 பாகையிலும், பைபீனைல் 255 பாகையிலும் கொதிக்கின்றன. எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் பின்னக் காய்ச்சி வடித்தலால் பிரிக்கக்கூடிய இடைவெளி. ஃபிரீடல்-கிராஃப்ட்ஸ் வினையில் நேர் பியூட்டைல் தொடர் வழியிலேயே கிளைத்துவிடும் தொல்லை உண்டு. இங்கே அது இல்லை. என் கருத்தில் பள்ளிப் பாடத்தில் சொல்லப்படும் உர்ட்ஸ், ஃபிட்டிக், உர்ட்ஸ்-ஃபிட்டிக் என்ற மூன்று வடிவங்களில் ஆய்வகத்துக்கு உண்மையில் உதவியது உர்ட்ஸ்-ஃபிட்டிக் ஒன்றுதான்.

தன் வாலைத் தானே கவ்வும் மூலக்கூறுகள்

இரண்டு ஹாலஜன்களும் ஒரே மூலக்கூறில் இருந்தால் வேறு யாரோடு சேர்வது என்ற கேள்வியே எழாது. 1,3-டைபுரோமோபுரோப்பேனில் சோடியத்தைச் சேர்த்து 1881-இல் ஆகஸ்ட் ஃபிராயிண்ட் வளையபுரோப்பேனைப் பெற்றார். அன்று லெம்பெர்க் என்றும் இன்று லிவிவ் என்றும் அறியப்படும் நகரில் பணியாற்றியவர். சில ஆண்டுகளில் குஸ்தாவ்சன் சோடியத்துக்குப் பதில் துத்தநாகத்தைப் பயன்படுத்தி விளைச்சலை உயர்த்தினார். வளையபுரோப்பேன் 1930-களிலிருந்து சில பத்தாண்டுகள் அறுவை அரங்குகளில் மயக்க மருந்தாக இருந்தது. எளிதில் வெடிக்கும் என்பதால் கைவிடப்பட்டது.

சிறு வளையங்களுக்கு முனைகள் அருகருகே இருப்பதால் வினை எளிது. பெரிய வளையமானால் ஒரு மூலக்கூறின் முனை தன் மறுமுனையைக் காண்பதற்குள் பக்கத்து மூலக்கூறைக் கவ்விவிடும். அப்படியும் பெல்லெக்ரின் 1899-இல் மெட்டா சைலீனின் டைபுரோமைடிலிருந்து இரு பென்சீன் வளையங்களை இரு பாலங்களால் இணைத்த மெட்டாசைக்ளோஃபேனைப் பெற்றார். 1951-இல் டொனால்ட் கிராமும் ஸ்டைன்பெர்க்கும் பாராசைக்ளோஃபேனை இதே வழியில் மூடினார்கள். விளைச்சல் மிகச் சொற்பம். ஆனால் எதிரெதிரே நெருக்கி அடுக்கப்பட்ட இரு பென்சீன் வளையங்கள் என்ற வியப்பை ஆராய அது போதுமானதாயிருந்தது. பின்னாளில் நோபல் பரிசு வரை கிராமை அழைத்துச் சென்ற பயணத்தின் தொடக்கம் அங்கேதான்.

வடிவத்தில் இன்னும் விசித்திரமானது பைசைக்ளோபியூட்டேன். நான்கே கார்பன்கள், முதுகோடு முதுகாக ஒட்டிய இரண்டு முக்கோணங்கள். 1-புரோமோ-3-குளோரோ வளையபியூட்டேனை டையாக்சேனில் உருகிய சோடியத்தோடு கொதிக்கவைத்தால் அது நல்ல விளைச்சலில் வருகிறது. இத்தனை திரிபுற்ற மூலக்கூறு ஒன்றை 'பழைய, முரட்டுத்தனமான' வினை நேர்த்தியாகக் கொடுப்பதைப் பார்த்தபின், முரட்டுத்தனம் வினையிலா நம் பயன்பாட்டிலா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

கார்பனை விட்டு வெளியே

உண்மையான தொழில்துறை வாழ்வு இந்த வினைக்குக் கார்பனுக்கு வெளியேதான் அமைந்தது. முதலில் காரீயம். எத்தில் குளோரைடைச் சோடியம்-காரீயக் கலப்புலோகத்தோடு வினைப்படுத்தினால் எத்தில் உறுப்புகள் காரீயத்தின்மேல் ஏறிக்கொண்டு டெட்ராஎத்தில் காரீயமாகின்றன. எஞ்சின் இடிப்பை அது அடக்கும் என்று 1921-இல் தாமஸ் மிட்ஜ்லி கண்டார். 1923-இல் பெட்ரோலில் கலந்து விற்பனைக்கு வந்தது. 1924-இல் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் தொழிலாளர்கள் காரீய நஞ்சேறி, சித்தம் கலங்கி இறந்தார்கள். இருந்தும் நிறுத்தவில்லை. 20-ஆம் நூற்றாண்டில் உலக சோடிய உற்பத்தியில் பெரும்பங்கை விழுங்கியது இந்த ஒரு பொருள்தான். இந்தியாவில் காரீயப் பெட்ரோல் 2000-இல் முடிவுக்கு வந்தது. உலகில் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021-இல். சோடியம் செய்த காரியங்களிலேயே மோசமானது இது.

அடுத்தது பாஸ்பரஸ். பாஸ்பரஸ் டிரைகுளோரைடு, குளோரோபென்சீன், சோடியம் மூன்றையும் சேர்த்தால் டிரைபீனைல்பாஸ்பீன் வருகிறது. பீனைல் சோடியத்துக்குப் பாஸ்பரஸ்–குளோரின் பிணைப்பு கிடைத்தால் வேறெதையும் திரும்பிப் பார்க்காது. அதனால் கலவைத் தொல்லை குறைவு. ஜார்ஜ் விட்டிக்கின் ஆல்கீன் வினைக்கு இதுவே மூலப்பொருள், பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் வைட்டமின் ஏ தயாரிப்பது அந்த வினையைக் கொண்டுதான்.

நின்று பார்க்க வேண்டியது சிலிக்கான் கதை. நாட்டிங்காமில் ஃபிரெடெரிக் கிப்பிங் கரிம சிலிக்கான் சேர்மங்களுக்கென்றே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். டைபீனைல் டைகுளோரோசிலேனைச் சோடியத்தோடு சேர்த்து, சிலிக்கானோடு சிலிக்கான் கோத்த சேர்மங்களை 1920-களில் பெற்றார். 1937-இல் அவர் ஆற்றிய பேகரியன் சொற்பொழிவில், இத்துறையில் முக்கியமான முன்னேற்றத்துக்கு அண்மையில் வாய்ப்பில்லை என்று சோர்வோடு சொல்லியிருக்கிறார். 1949-இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் சார்லஸ் பர்க்கார்ட் டைமெத்தில் டைகுளோரோசிலேனைச் சோடியத்தோடு சேர்த்து வெண்பொடி ஒன்றைப் பெற்றார். எந்தக் கரைப்பானிலும் கரையவில்லை, உருக்கவும் முடியவில்லை. பாலிடைமெத்தில்சிலேன் என்று பெயர் எழுதி அலமாரியில் வைக்க வேண்டிய பொருள்.

1975-இல் ஜப்பானின் தோஹொக்கு பல்கலைக்கழகத்தில் செய்ஷி யாஜிமா அந்த உதவாக்கரைப் பொடியை எடுத்து 450 பாகை அளவில் சூடாக்கினார். சிலிக்கான்களுக்கு இடையே மெத்திலின் கார்பன் நுழைந்துகொண்டு, சிலிக்கான்–கார்பன்–சிலிக்கான் என்று முதுகெலும்பே மாறியது. இந்த இடமாற்றத்தைச் சிறு மூலக்கூறுகளில் முன்பே கண்டவர் மகொட்டோ குமாடா. பின்னாளில் நிக்கல் இணைப்பு வினைக்குத் தன் பெயரைத் தந்த அதே குமாடா. மாறிய பாலிகார்போசிலேன் உருகும், கரையும், நூலாக இழுக்கலாம். இழுத்த நூலைக் காற்றில் பதப்படுத்தி 1200 பாகைக்கு மேல் சுட்டால் சிலிக்கான் கார்பைடு இழை. நிப்பான் கார்பன் நிறுவனம் நிக்கலான் என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே வழியில் வந்த மேம்பட்ட இழைகளால் வலுவூட்டிய பீங்கான் கலவைதான் 2016-இல் சேவைக்கு வந்த லீப் ரக ஜெட் எஞ்சின்களில் சுழலியைச் சுற்றிய வளையப் பகுதியாக இருக்கிறது. அத்தனை வெப்பத்தைத் தாங்கும் இழையின் தலைமுறையைப் பின்னோக்கிப் பார்த்தால், கொதிக்கும் டொலுயீனில் உருகிக் கிடக்கும் சோடியத்தில் போய் முடிகிறது.

1980-களின் தொடக்கத்தில் விஸ்கான்சினில் ராபர்ட் வெஸ்ட், டைமெத்தில் டைகுளோரோசிலேனோடு பீனைல்மெத்தில் வகையையும் கலந்து கரையக்கூடிய பாலிசிலேனைப் பெற்றார். இங்கே கலவையே வேண்டும். ஒழுங்கற்ற வரிசைதான் படிகமாகாமல் கரைய வைக்கிறது. ஒற்றைப் பிணைப்பு எலக்ட்ரான்களே சங்கிலி நெடுகப் பரவி நின்று புறஊதாக் கதிரை உறிஞ்சும் விந்தையை இந்தப் பல்லுறுப்பிகள் காட்டின. விளைச்சல் கையில் நிற்காது, சங்கிலி நீளம் ஒரு சீராக இருக்காது என்று நாற்பது ஆண்டுகளாகக் குறை சொல்லிக்கொண்டே எல்லோரும் இந்த வழியையே பின்பற்றுகிறார்கள். இதைவிட எளிதான இன்னொன்று இன்னும் வரவில்லை.

மாற்றுகளும் மறுவருகையும்

கார்பன்–கார்பன் இணைப்பில் உர்ட்ஸின் இடத்தை மற்றவர்கள் எடுத்துக்கொண்டது வேகமாக நடந்தது. 1900-இல் கிரிக்னார்டு மக்னீசியத்தைக் கொண்டுவந்தார். மக்னீசியச் சேர்மம் அடங்கியது. முதல் ஹாலைடை முழுதாக உலோகச் சேர்மமாக்கி நிறுத்தி, அதன்பிறகு இரண்டாவதைச் சேர்க்கலாம். தாக்குபவர் யார், தாக்கப்படுபவர் யார் என்பதை வேதியியலாளரே தீர்மானிக்கும் நிலை வந்தது. 1901-இல் உல்மன் தாமிரத்தால் வளையங்களை இணைத்தார். 1960-களின் பிற்பகுதியில் லித்தியம் டைஆல்கைல் குப்ரேட்டு வந்தபின், ஒற்றைப்படைக் கார்பன் ஆல்கேன் என்ற பாடநூல் தடையும் போயிற்று. 1970-களில் நிக்கலும் பல்லேடியமும் வந்தன. குமாடா, நெகிஷி, சுசுகி என்று வரிசை நீண்டு, 2010-இல் ஹெக், நெகிஷி, சுசுகி மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த 2010-இலேயே டேனியல் வீக்ஸ் குழுவினர் வேறொரு பக்கம் திரும்பினார்கள். உலோகச் சேர்மம் எதையும் முன்கூட்டிச் செய்யாமல், ஓர் அரைல் ஹாலைடையும் ஓர் ஆல்கைல் ஹாலைடையும் நேரடியாகக் கலந்து, நிக்கல் வினையூக்கியை வைத்து, எலக்ட்ரானுக்கு மாங்கனீசுத் தூளையோ துத்தநாகத் தூளையோ போட்டு, கலப்பு விளைபொருளையே முதன்மையாகப் பெற்றார்கள். இரண்டு ஹாலைடுகள், ஓர் உலோகம், ஒரே குடுவை. ஃபிட்டிக்கும் டோலன்ஸும் 1864-இல் செய்ததன் கட்டமைப்பு இதுவேதான். தேர்வு செய்யும் வேலையை நிக்கலிடம் கொடுத்துவிட்டார்கள். மருந்து ஆய்வுக்கூடங்களில் இன்று இது அன்றாட முறையாகிவிட்டது.

சோடியமும் திரும்பி வருகிறது. மின்கலங்களுக்காக லித்தியத்தின் தேவை ஏறிக்கொண்டிருக்கும் வேளையில், புவியோட்டில் அதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் மலிந்து கிடக்கும் சோடியத்தை ஏன் விடவேண்டும் என்ற கேள்வி எழுந்தது. ஜப்பானில் மின்மாற்றி எண்ணெய்களில் கலந்திருந்த பாலிகுளோரினேற்ற பைபீனைல் நஞ்சை ஒழிக்க, எண்ணெயில் நுண்துகளாகச் சிதறவிட்ட சோடியம் முன்பே தொழிலளவில் பயன்பட்டுவந்தது. குளோரினைப் பறிக்கும் அதே எலக்ட்ரான் வேலைதான் அதுவும். அந்தச் சிதறலைக் கொண்டு அசாகோ, நாகாஜிமா, தகாய் மூவரும் 2019-இல் அரைல் குளோரைடுகளைக் கரிம சோடியங்களாக்கி, அவற்றைப் பல்லேடிய இணைப்பு வினைகளில் நேரடியாகவும் துத்தநாகம், போரான் வழியாகவும் பயன்படுத்திக் காட்டினார்கள். மியூனிக்கில் பால் நோக்கெல் குழுவினர், தொடர்ந்து ஓடும் குழாய்களில் கரிம சோடியங்களை உண்டாக்கிச் சில நொடிகளிலேயே அடுத்த வினைக்குச் செலுத்துகிறார்கள். பிறந்ததும் பக்கத்தில் கிடைத்ததைக் கவ்வும் அதன் குணத்துக்கு நேரம் கொடுக்காமல் விடுவதுதான் உத்தி.

ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. இந்த வினையின் வேகத்தை மறந்து, குளோரோஃபார்மையோ கார்பன் டெட்ராகுளோரைடையோ சோடியம் போட்டு உலர்த்த முயல்வது வெடிவிபத்துக்கு வழி. ஈதருக்கும் டொலுயீனுக்கும் சோடியக் கம்பி சரி. ஹாலஜன் உள்ள கரைப்பான் எதற்கும் கூடாது. மிஞ்சிய சோடியத்தைத் தொட்டியில் கொட்டாமல், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அழிக்க வேண்டும்.

பாடநூல் எழுதுவோருக்கும் ஒன்று. ஆல்கேன் தயாரிப்பு என்ற தலைப்பிலிருந்து உர்ட்ஸ் வினையை எடுத்துவிடுங்கள். அங்கே அதற்கு வேலையில்லை. எத்தில்-பியூட்டில் சோதனையை முழுதாகச் சொல்லுங்கள். வினையை மூலக்கூறு என்ற கருத்து நிலைபெற்ற வரலாற்றிலும், கரிம உலோகச் சேர்மங்களின் தொடக்கத்திலும், பாலிசிலேன் பகுதியிலும் வையுங்கள். மூன்று ஆல்கேன்கள் ஏன் வருகின்றன என்று கேட்டால் மாணவர் 1:2:1 என்று கணக்குப் போட்டுக் காட்டட்டும்; அதற்கு மதிப்பெண் கொடுங்கள்.